முத்தின் அளவும் சட்டையின் விலையும்

துணிக்கடையில் தொங்கவிட்டிருக்கும் ஆயத்தச் சட்டைகளை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே துணி, ஒரே நிறம், ஒரே தையல். கழுத்துப்பட்டையின் உட்புறத்தில் ஒன்றில் 38 என்றும் மற்றொன்றில் 44 என்றும் எண் குறித்திருக்கும். 44ஆம் எண் சட்டையை விரித்து அதன்மேல் 38ஆம் எண் சட்டையை வைத்தால், சுற்றிலும் துணி மிஞ்சி நிற்கும். ஆயினும் இரண்டின் விலைச் சீட்டையும் திருப்பிப் பாருங்கள். ஒரு காசு வேறுபாடும் இராது. துணி மிகுதியாகச் சென்ற சட்டைக்கு விலை ஏன் மிகவில்லை? பெரும்பாலோர் இதனைக் கேட்பதில்லை. மெலிந்த உடம்பினர் சிலர் மட்டும், பருத்தவருடைய துணிக்கும் சேர்த்துத் தாம் பணம் கொடுக்கிறோமோ என்று ஐயுறுவதுண்டு. அந்த ஐயம் முற்றும் பொய்யன்று.

திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள ஆலந்தலையிலோ, வடக்கே உள்ள வீரபாண்டியன்பட்டினத்திலோ பிறந்த ஒருவனுக்கு இந்தக் கேள்வி எளிதில் தோன்றும். எங்கள் கடற்கரையில் எதற்கும் அளவைப் பார்த்தே விலை. கரைக்கு வந்த இறாலை எண்ணிக்கை பார்த்துத் தரம் பிரிப்பார்கள். ஒரு கிலோவுக்கு 20 நிற்கும் இறாலுக்கு ஒரு விலை, 40 நிற்கும் இறாலுக்கு அதனினும் தாழ்ந்த வேறொரு விலை. சங்கு குளித்த நாள்களில், எடுத்த சங்கை ஒரு வளையத்தினுள் நுழைத்துப் பார்ப்பது வழக்கம். இரண்டேகால் அங்குல விட்டத்துக்குக் குறைந்த சங்கு கணக்கில் சேராது. மீண்டும் கடலுக்கே போகும்.

முத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அளவுக்கு ஏற்ப விலை என்னும் முறையை அதன் எல்லை வரை கொண்டு சென்றவர்கள் முத்து வணிகர்கள். அவர்களிடம் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. பத்தும் ஒரே பருமன் உள்ளவை; துளைகளின் எண்ணிக்கைதான் வேறு. முதற் சல்லடையில் 20 துளை. பிறகு 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று துளை பெருகப் பெருக, ஒவ்வொரு துளையும் சிறுத்துக்கொண்டே போகும். எந்தச் சல்லடையில் முத்துத் தங்குகிறதோ அந்த எண்ணே அதன் பெயர். இவ்வாறு பருமனால் பிரித்தபின், உருட்சியும் ஒளியும் கண்டு ஆணி, அனதாரி என்று தொடங்கிப் பல இனமாக வகுப்பார்கள். இறுதியில் மிஞ்சுவது தூள். அந்தத் தூளுக்கும் ஒரு விலை உண்டு. அதனை நிறுத்து விற்றார்கள்.

உயர்ந்த இனத்து முத்துக்கு விலை காணும் கணக்குக்குச் செவ்வு என்று பெயர். முத்துகளின் மொத்த நிறையை மஞ்சாடியில் கண்டு, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, அதில் முக்காற்பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது செவ்வு. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சற்று நேரம் வாய் திறவாமல் பார்ப்பார்கள். இரண்டு மஞ்சாடி நிறையுள்ள ஒற்றை முத்துக்கு மூன்று செவ்வு. அதே இரண்டு மஞ்சாடி நான்கு சிறு முத்துகளாக இருந்தால், முக்காற் செவ்வுதான். நிறை ஒன்றே, விலை நான்கில் ஒரு பங்கு. பருமன் இரட்டித்தால் விலை நாற்படியாகும் இந்தக் கடற்கரையில், 38க்கும் 44க்கும் ஒரே விலை என்பது வியப்புக்குரியதுதான்.

ஆனால் இதே கடற்கரையில் இன்னொரு முறையும் இருந்தது. முத்துக் குளிப்பு நடக்கும் நாள்களில், கரைக்கு வந்த சிப்பியைத் திறவாமலே ஏலம் விடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று விலை பேசப்படும். எந்தச் சிப்பியில் ஆணிமுத்து இருக்கிறது, எதில் தூள் இருக்கிறது, எதில் ஒன்றுமே இல்லை என்பது விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. சராசரி ஒன்றே இருவருக்கும் துணை. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்த குளிப்பு வரிசையே இக்கடலின் கடைசிக் குளிப்பு. அதன்பின் முத்துக் குளிப்பு நடக்கவில்லை. ஆகவே சிப்பி ஏலத்தை நேரிற் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. முத்துக்கு ஒவ்வொன்றாக விலை. சிப்பிக்கு மொத்தமாக, சராசரி பார்த்து விலை. இந்த இரண்டு முறைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு துணியின் பக்கம் திரும்புவோம்.

துணிக்கு முதலில் இருந்த முறை எது? சொற்களே சான்று சொல்கின்றன. பழந்தமிழில் ஆடைக்கு அறுவை என்று ஒரு பெயர்; மதுரை அறுவைவாணிகன் இளவேட்டனார் என்று ஒரு சங்கப் புலவரே இருந்தார். அறுப்பது அறுவை, துணிப்பது துணி, துண்டிப்பது துண்டு. நெய்த பாவிலிருந்து வேண்டிய நீளம் அறுத்துக் கொடுப்பதே வணிகம். வெட்டிய நீளத்துக்குக் காசு. நான்கு முழ வேட்டிக்கு ஒரு விலை, எட்டு முழ வேட்டிக்கு அதனினும் கூடிய விலை என்பது இன்றும் மாறவில்லை. அளவும் விலையும் அங்கே கைகோத்தே நடக்கின்றன.

தையற்காரரும் பழந்தமிழகத்தில் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கைவினைஞரைச் சொல்லுமிடத்தில் துன்னகாரரைச் சேர்த்தே சொல்கிறது. எனினும் மக்கள் பெரும்பாலோர் தைத்த ஆடை உடுத்தவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்து, தாமிரவருணி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, மாபார் என்னும் இந்நாடு முழுவதிலும் சட்டை வெட்டித் தைக்கத் தெரிந்த ஒரு தையற்காரன்கூட இல்லை என்று எழுதிவைத்தார். அரசனுக்கும் இடுப்பில் ஒரு துணியே. மேலுக்கு முத்தும் மணியும் என்பது அவர் கண்ட காட்சி. ஒருவர்கூட இல்லை என்பது பயணிகளுக்கு இயல்பான மிகைதான். ஆயினும் அவருடைய கண்ணில் எது பட்டது என்பதை நாம் அறியலாம்.

அவர் கவனிக்காத ஒன்று உண்டு. தைக்காத ஆடைக்கு உடம்பளவு என்பதே கிடையாது. ஆறு கஜச் சேலை மெலிந்தவளுக்கும் ஆறு கஜம், பருத்தவளுக்கும் ஆறு கஜம். ஒருத்திக்குக் கொசுவம் நான்கு மடிப்பு மிகும், மற்றொருத்திக்குக் குறையும். அவ்வளவே. விலை சேலைக்குத்தான், உடுத்துபவளின் உடம்புக்கன்று. எல்லா உடம்புக்கும் ஒரே விலை என்பதைத் தொழிற்சாலைச் சட்டை கொண்டுவந்ததாகக் கருதுவோர், நம் பாட்டிமார் உடுத்ததை மறந்து பேசுகிறார்கள். தமிழ்நாட்டு அரசு 1983இல் பொங்கலுக்கு விலையில்லா வேட்டி சேலை வழங்கத் தொடங்கியபோது, இலட்சக் கணக்கான வீடுகளுக்கு ஓர் உடம்பையும் அளக்காமல் ஆடை கொடுக்க முடிந்தது. சட்டையாக இருந்தால் அது எவ்வளவு பெரிய வேலை என்பதை, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை அளவு எடுத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இக்கரைக்கு வந்தனர். சட்டையை மூடும் பொத்தானுக்கு நாம் வழங்கும் பெயர் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. வேம்பார் முதல் மணப்பாடு வரையுள்ள பரதவர் துறைகளில் தைத்த மேலாடை மெல்லப் புகுந்தது. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், முத்தையும் சங்கையும் போலவே துணியையும் பெரிய வணிகமாக நடத்தினார்கள். திருநெல்வேலிச் சீமையின் தறிகளில் நெய்த துணி தூத்துக்குடி வழியாகக் கீழைத் தீவுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றது. கடல் கடந்த இந்த வணிகத்தில் துணியின் நீள அகலங்கள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டவை. அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றாகிவிட்டால் விலையை வேறுபடுத்துவது எது? பாவில் ஓடும் இழை. 120 இழை கொண்டது ஒரு புஞ்சம். புஞ்சம் கூடக் கூடத் துணி நெருக்கமாகும், நெய்பவனுக்கு நாள் கூடும், விலை ஏறும். மாதிரித் துணியோடு ஒப்பிட்டு, குறைந்ததைக் கழித்து, முதல் தரம் இரண்டாம் தரம் என்று பிரித்து வாங்கினார்கள். துணிக்குப் பணம் கொடுக்கும்போது பஞ்சுக்கு மட்டுமன்றி நெய்தவனுடைய நாளுக்கும் பணம் கொடுக்கிறோம் என்பது அந்தப் புஞ்சக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. இதை நினைவில் வைக்க வேண்டுகிறேன்; சட்டையின் விலைக்கு இதுவே திறவுகோல்.

சட்டை பரவியபின் நெடுங்காலம் அதனை நாம் இரண்டு கடைகளில் வாங்கினோம். துணிக்கடையில் கஜக் கணக்கில் துணி, தையற்கடையில் தையற்கூலி. என் இளமையில் கஜம் போய் மீட்டர் வந்துவிட்டது. முறை மட்டும் மாறவில்லை. பருத்த உடம்பினர் கால் மீட்டர் அரை மீட்டர் கூடுதலாக எடுப்பார். அதற்கு அவரே பணம் கொடுப்பார். தையற்காரரோ பெரியவர் சட்டை என்றால் ஒரே கூலிதான் வாங்குவார். கழுத்துப்பட்டை இருவருக்கும் ஒன்று, கை இரண்டு, பை ஒன்று, பொத்தான் துளை ஏழு. பெரிய சட்டையில் தையல் சில அங்குலம் நீளும். அந்தச் சில அங்குலத்துக்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆக, துணிக்கு அளவுப்படி விலை, வேலைக்கு ஒரே விலை. இரண்டும் தனித்தனியே நம் கண்முன் நின்றன.

ஆயத்தச் சட்டை வந்ததும் இந்த இரண்டும் ஒரே சீட்டுக்குள் மறைந்துவிட்டன. அந்தக் கதை வெளிநாட்டில் தொடங்குகிறது. 1850களில் தையல் இயந்திரம் பரவியது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இலட்சக் கணக்கான வீரர்களுக்கு உடுப்பு வேண்டியிருந்தது. ஒவ்வொருவரையும் தையற்காரர் அளந்துகொண்டிருக்க முடியாது. வீரர்களின் மார்பளவும் இடுப்பளவும் எப்படிச் சில எண்களைச் சுற்றியே திரள்கின்றன என்பது அப்போது புலனாயிற்று. போர் முடிந்தபின் அந்த எண்களே ஆண்களுடைய ஆயத்த ஆடையின் அளவுகளாயின. ஏறத்தாழ அதே காலத்தில் பெருங்கடைகளில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. பாரிஸ் நகரத்தில் 1852 முதல் பூசிக்கோ என்பவர் வளர்த்த போன் மார்ஷே போன்ற கடைகள், பேரம் பேசுவதை விட்டு, பொருளின்மேல் விலையை எழுதி ஒட்டின. நூறு ஊழியர் உள்ள கடையில், பேரம் பேசும் உரிமையை ஒவ்வோர் ஊழியரிடமும் விட்டுவைக்க எந்த முதலாளியும் துணியமாட்டார். பழைய நாளில் மணிவணிகர்கள் ஒரு துணிக்கு அடியில் கைகோத்து, விரலைத் தொட்டே விலை பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. அந்த மறைவு நீங்கி, எல்லாரும் படிக்கும்படி ஒரு விலை வந்தது. ஒரு வகைச் சட்டைக்கு ஒரு விலை என்றால்தான் ஊழியனுக்கும் நினைவில் நிற்கும், கணக்குப் பிள்ளைக்கும் எளிது.

இனித் தொழிற்சாலைக்குள் சென்று பார்ப்போம். சட்டைகளை அங்கே ஒவ்வொன்றாக வெட்டுவதில்லை. துணியைப் பல அடுக்காக விரித்து, அதன்மேல் 38, 40, 42, 44 ஆகிய எல்லா அளவுகளின் வடிவங்களையும் கலந்து வரைவார்கள். பெரிய சட்டையின் முதுகுக்கும் கைக்கும் நடுவே விழும் இடைவெளியில் சிறிய சட்டையின் கழுத்துப்பட்டை போய் அமரும். துணி வீணாகாமல் இருப்பதற்காகவே இந்தக் கலப்பு. வெட்டி முடித்தபின், இந்தச் சட்டைக்கு இவ்வளவு துணி என்று துல்லியமாகப் பிரிப்பதும் அரிது. மொத்தத் துணியை மொத்தச் சட்டையால் வகுத்துச் சராசரியைக் குறித்துக்கொள்கிறார்கள். திறவாத சிப்பியை ஆயிரக் கணக்கில் விற்ற அதே முறை இது.

சராசரி பார்த்தால் ஒருவருக்கு இழப்பும் மற்றொருவருக்கு ஆதாயமும் இல்லையா? உண்டு. எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே சில தொகைகளை எடுத்துக்கொள்கிறேன். கடையில் 800 ரூபாய்க்கு விற்கும் சட்டையில் துணியின் விலை 200 ரூபாய் என்க. மீதி 600 ரூபாயும் வெட்டுகூலி, தையற்கூலி, பொத்தான், பெட்டி, வண்டிச் சத்தம், கடை வாடகை, விளம்பரம், வரி, ஆதாயம் ஆகியவை. இவற்றில் எதுவும் உடம்பின் பருமனைப் பார்த்துப் பெரிதாக மாறுவதில்லை. சிறிய சட்டைக்கு 180 ரூபாய்த் துணி, பெரியதற்கு 220 ரூபாய்த் துணி என்றால் வேறுபாடு 40 ரூபாய்; விலையில் நூற்றுக்கு ஐந்து. இந்த ஐந்துக்காக நான்கு அளவுக்கும் நான்கு விலைச் சீட்டு அடித்து, நான்கு கணக்கு எழுதி, வாங்க வந்தவரிடம் உங்கள் உடம்புக்குக் கூடுதல் பணம் என்று சொல்லி முகம் சுளிக்கவைக்க எந்த வணிகரும் விரும்பமாட்டார்.

சட்டமும் ஒருவகையில் இதற்குத் துணைநின்றது. 1990 முதல் நம் நாட்டில் பொதிந்த பொருள்மீது வரிகள் உட்பட அதிகபட்சச் சில்லறை விலையை அச்சிடும் முறை வந்தது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது 1000 ரூபாய் வரை உள்ள ஆடைக்கு நூற்றுக்கு 5, அதற்கு மேற்பட்டால் 12 என்று வகுத்தார்கள். 2025 செப்டம்பரில் அந்த வரம்பு 2500 ரூபாயாக உயர்ந்து, மேற்பட்டதற்கு 18 ஆயிற்று. வரம்பை ஒட்டி விலை வைத்த சட்டையில், பெரிய அளவுக்கு மட்டும் சில ரூபாய் ஏற்றினால் வரியும் தாவிவிடும்.

இந்த விளக்கம் சரியா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. துணியின் பங்கு பெரிதாகவும் வேலையின் பங்கு சிறிதாகவும் உள்ள ஆடையில் விலை அளவோடு ஏற வேண்டும். ஏறுகிறதா? திருப்பூர்ப் பனியன் பெட்டியை எடுத்துப் பாருங்கள். 80, 85, 90, 95, 100 என்று சென்டிமீட்டர் கூடக் கூட, அச்சிட்ட விலையும் படிப்படியாகக் கூடுவது நம் கடைகளில் பழக்கமான காட்சி. பனியன் துணி கிலோக் கணக்கில் வாங்கப்படுவது. அதற்குக் கழுத்துப்பட்டை இல்லை, பொத்தான் துளை இல்லை, தையலும் குறைவு. விலையில் பெரும்பகுதி நூலே. அமெரிக்காவிலும் சாதாரணப் பின்னல் சட்டைகளில் மிகப் பெரிய அளவுக்குச் சிறிது கூடுதல் விலை வாங்குவது உண்டு. முத்தைப்போல் விற்பது பனியன். சிப்பியைப்போல் விற்பது சட்டை.

பிள்ளைகளின் உடுப்பும் பனியனின் கட்சியே. ஐந்து வயதுப் பிள்ளையின் சட்டைக்கும் பதினைந்து வயதுப் பையனின் சட்டைக்கும் உள்ள வேறுபாடு சராசரியில் மறையக்கூடியதன்று. ஆகவே கடைகளில் சீருடையின் விலை எண்ணுக்கு எண் ஏறும். இது ஏழை வீட்டில் எப்படி முடிகிறது என்பதை ஆண்டுதோறும் சூன் மாதத்தில் நான் பார்த்திருக்கிறேன். வளர்கிற பிள்ளை என்று சொல்லி இரண்டு எண் பெரிதாக வாங்கித் தருவார்கள். முதல் ஆண்டு முழங்கை மறையத் தொங்கும். இரண்டாம் ஆண்டு பொருந்தும். மூன்றாம் ஆண்டு தம்பிக்குப் போகும். கூடுதலாகக் கொடுத்த பணத்தைக் காலத்தால் வகுத்துச் சரிக்கட்டும் தாய்மாரின் கணக்கு, செவ்வுக் கணக்குக்குத் தாழ்ந்ததன்று. அரசு வழங்கும் விலையில்லாச் சீருடை இந்தச் சுமையைப் பெரிதும் குறைத்தது. அதனைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்தவர்கள்.

அவர்களைப் பற்றி ஒரு சொல். உருப்படிக் கூலிக்குத் தைக்குமிடங்களில், சட்டை பெரிதாயிற்று என்பதற்காகக் கூலி கூடுவது வழக்கமன்று. கடைக்காரர் சராசரி பார்த்து விற்கிறார். அவர் விற்பது ஆயிரம் சட்டை, ஆகவே சராசரி அவரைக் காக்கும். மெலிந்தவர் கொடுக்கும் சில ரூபாய் அவரை வாட்டாது. நாள் முழுதும் பெரிய அளவே கைக்கு வரும் தையற்காரிக்கோ அந்த நாளில் சராசரி கிடையாது. நீண்ட தையல் அவளுடைய பொழுதிலிருந்தே போகிறது. ஒரே விலையின் சுமை எங்கே தங்குகிறது என்று கேட்டால், வாங்குபவரைவிட அவளிடமே என்பது என் கருத்து.

இன்னொருவரும் உண்டு: எண்ணுக்குள் அடங்காதவர். முத்துச் சல்லடையில் எந்த முத்தும் வெளியே நிற்பதில்லை. சட்டையில் அப்படியன்று. 38க்குக் குறைந்தாலும் 44க்கு மிகுந்தாலும் பல கடைகளில் அவருக்குச் சட்டையே இல்லை. உயர்ந்த விலையுமில்லை, தாழ்ந்த விலையுமில்லை. எண்கள் யாரை அளந்து வந்தவை என்பதும் கேட்க வேண்டியதே. அமெரிக்க வேளாண்மைத் துறை 1939-40இல் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்து 1941இல் முடிவுகளை வெளியிட்டது. அது அந்நாட்டு வெள்ளையின மகளிரின் அளவு. நாம் நெடுநாளாகப் பிறநாட்டு அளவுகளையே சிறிது மாற்றி வழங்கிவருகிறோம். நம் நாட்டு உடம்புக்கு நம் அளவு வேண்டும் என்று தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் ஆறு நகரங்களில் 25,000 பேரை ஒளிக்கருவியால் அளக்கும் திட்டம் ஒன்றை அண்மைக் காலத்தில் வகுத்தது. வலை இழுத்துத் தோள் அகன்று இடை ஒடுங்கிய கடற்கரை இளைஞனுக்கு அந்த அட்டவணையில் இடம் கிடைக்குமா என்பதை அறிய எனக்கு ஆவல் உண்டு. தோளுக்குப் பொருந்தும் சட்டை அவனுக்கு வயிற்றில் பை போல் தொங்குகிறது. அதனால் ஆயத்தச் சட்டை இத்தனை மலிந்த பிறகும், திருநாளுக்கு முன்னால் அவன் திருச்செந்தூர்க் கடைத்தெருவுக்குத் துணியோடு வருகிறான். தையற்காரர் நாடாவை எடுத்துத் தோளையும் மார்பையும் அளந்து, இன்னும் கால் மீட்டர் வேண்டும் என்கிறார். தையற்கூலி மட்டும் எல்லாருக்கும் உள்ளதே.